தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பார்த்த தீ

மல்காஜ்கிரியில் எங்கள் வரிசைதான் ரயில்வே காலனியின் கடைசி வரிசை. வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்வேலி, அதற்கு அப்பால் லைன், லைனைத் தாண்டினால் புதர்க்காடு, புதர்க்காட்டுக்குப் பின்னால் மலை. பொதிகையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை மலை என்று சொல்ல வாய் வராது. பாறைமேல் பாறை, இடுக்கெல்லாம் சீத்தாப் புதர், புரசு, ஈச்சை, இடுப்பளவுக்குப் புல். பங்குனி பிறக்கும்போதே எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். வருஷா வருஷம் கோடையில் எங்காவது ஒரு மூலையில் தீப்பிடிக்கும், தானாக அணையும். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மாவும் அப்பாவும் போனபிறகு பாளையங்கோட்டையிலிருந்து என்னைக் கூட்டிவந்து காலனிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்த்துவிட்டது அவன்தான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகும் ஆகவில்லை, அது வேறு கதை.

அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, செகந்திராபாத்திலேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து ஊன்றிவிட்ட வேதக்காரக் குடும்பம், எங்களைப்போலக் கிறிஸ்தவர்கள். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பாள், ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்குக் 'கைக்கு'. காய்காரியிடம் தெலுங்கு, குதிரைவண்டி ஓட்டுகிற டோங்காக்காரனிடம் உருது, சாமியிடம் மட்டும் சுத்தத் தமிழ். சத்தமாகச் சிரிப்பாள். வாசலில் நின்றுகொண்டு எதிர்வரிசையோடு பேசுவாள். எனக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. என்னுடைய பேச்சும் நடையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க" என்பாள், நான் பள்ளிக்கூடம் விட்டு உள்ளே நுழையும்போது. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பான். ஒருநாளும் யார் பக்கமும் பேசினதில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. முதல்நாள் முழுக்க அது மலையின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. மைனி கொடியில் காய்ந்த துணிகளைச் சாம்பல் படாமல் எடுத்து உள்ளே போட்டாள், அவ்வளவுதான். மறுநாள் காலை வாசல் தெளிக்கப் போனால் படியெல்லாம் மெல்லிய கருப்புத் தூள். துடைப்பத்தால் தள்ளினால் இழுபட்டுக் கோடு விழுந்தது.

அன்று பகலில் காற்று திசை மாறியது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவுகள் பட்பட்டென்று அடித்தன. பிறகு ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதியது. ஷிஃப்டு முடியும் நேரம் இல்லை, அதனால் பிள்ளைகளே எழுந்து நின்றுவிட்டார்கள். பெரிய டீச்சர் வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவைத் திறந்தபோது தீ மலையின் முதுகைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. பகல் வெளிச்சத்தில் தீ சிவப்பாகத் தெரியவில்லை. காற்று நடுங்குகிற மாதிரி ஒரு வரி, அதற்குப் பின்னால் கருப்பு, அதற்கு மேலே புகை. அந்த வரி கீழே நகர்வதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

லைனை ஒட்டி எண்ணெயில் ஊறவைத்த ஸ்லீப்பர் கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி எண்ணெய் ஷெட்டு. கட்டை பிடித்தால் ஷெட்டு, ஷெட்டு பிடித்தால் காலனி. இதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்வரிசையில் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் தீ அணைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அண்ணன் அதில் பேர் கொடுத்திருந்தான். அவர்கள் ட்ராலியில் லைனோடு வந்தபோது எங்கள் வீட்டுக்கு நேரே குதித்து, வேலிக்குள் நுழைந்து பின்கதவு வழியாக வந்தான்.

"சாக்கு இருக்கா? இருக்கிற சாக்கெல்லாம் எடு."

மைனி அரிசிச் சாக்கைத் தரையில் கவிழ்த்துக் கொட்டிக் கொடுத்தாள். நான் கரிச் சாக்கை எடுத்தேன். அவன் நின்றபடியே நீராகாரத்தைக் குடித்தான்.

"ஏட்டி, கதவச் சாத்திட்டு உள்ள இரி. மைனிய வெளிய விடாத."

"கைக்கு? நான் என்ன ஆடா, கட்டிப் போடறதுக்கு?" என்றாள் மைனி.

அண்ணன் சிரித்தான். சொம்பை அவள் கையில் கொடுத்தான். "இருட்டுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனான். வேலியில் சட்டை மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

கதவைச் சாத்தி உள்ளே இருக்க மைனியால் முடியவில்லை. சத்தியமாக, என்னாலும் முடியவில்லை. காலனிக்கு நடுவில் கல்தூண்களின்மேல் ஒரு பெரிய இரும்புத் தொட்டி நின்றது. அதிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். பக்கவாட்டில் ஓர் இரும்பு ஏணி, மேலே தொட்டியைச் சுற்றி ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குத் தளம், பிடித்துக்கொள்ளக் கம்பி. தொட்டிக்காரரும் தீ அணைக்கப் போயிருந்தார். கீழே பெண்களும் கிழவர்களும் கூடி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். யாரோ "ஐயோ, பாரேன்" என்றார்கள். நானும் பின்னால் ஏறினேன். ஏணிக் கம்பி வெயிலில் கையைச் சுட்டது.

மேலே போனதும்தான் தீயின் அளவு தெரிந்தது. கீழேயிருந்து பார்த்தபோது ஒரு வரிதான் தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் அது மலையை வளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

மூன்று கூட்டம் வேலை செய்தது. லைன் ஓரத்தில் ரயில்வே ஆட்கள். ஒரு ஷண்டிங் இன்ஜின் தண்ணீர் வண்டிகளை இழுத்துவந்து நிறுத்தியிருந்தது. கைப் பம்பு ஒன்றை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மாற்றி மாற்றி அமுக்கினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் வந்தது, ஆனால் குழாயின் நீளம் அடிவாரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே, சரிவில், சர்க்கார் காட்டிலாகாவின் ஜங்கிள் ஆட்கள் நீளக்கோடாலியால் புதரை வெட்டி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீ தாண்ட முடியாதபடி வெறுந்தரையாக ஒரு பாதை போடுவதுதான் அவர்கள் வேலை. வலது பக்கம் லாரியில் வந்து இறங்கிய கன்டோன்மென்ட் சோல்ஜர்கள். அங்கே ஆங்கிலத்தில் கத்தினார்கள், நடுவில் உருதுவில், கீழே தெலுங்கிலும் தமிழிலும். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா தெரியாது. புகைக்குள் சத்தம் மட்டும் கலந்து வந்தது.

ஒர்க்‌ஷாப் கூட்டம் ஜங்கிள் ஆட்களுக்குத் துணையாகச் சரிவில் ஏறியிருந்தது. ஈரச் சாக்கால் அடிப்பார்கள். வரிசையாக நின்று, எல்லோரும் ஒன்றாக ஓங்கி அடித்துவிட்டு ஓரடி முன்னால் வைப்பார்கள். சூடு தாங்காமல் பின்னால் வருவார்கள். சாக்கு காய்ந்து அதுவே பிடித்துக்கொண்டால் கீழே போட்டு மிதிப்பார்கள். வாளியோடு ஒருவர் ஓடிவந்து ஆள்மேலேயே தண்ணீரை ஊற்றுவார். அவர்கள் அணைத்த இடம் புகைந்துகொண்டே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடி எரியும். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபடுகிறார்கள், அந்த வரி நிற்கவேயில்லை.

இடையிடையே துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். நான் பயந்துபோய் மைனியின் தோளைப் பிடித்தேன்.

"சுடறாங்களா?"

"நக்கோ. கல்லு. சூடுல கல்லு வெடிக்குது" என்றாள். அவள் கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு, "அதோ, ஒங்க அண்ணன்" என்று கையை நீட்டினாள்.

எனக்கு எல்லோரும் ஒரேமாதிரிதான் தெரிந்தார்கள். எல்லோரும் நீல உடுப்பு, எல்லோர் தலையிலும் ஈரத்துண்டு. நான் கூடப் பிறந்தவள். எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. அவள் காட்டிய ஆளையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஆள் குனிந்து நிமிர்ந்த விதத்தில் நானும் அடையாளம் கண்டேன்.

அவர்கள் போட்ட பாதைக்கு இந்தப் பக்கம், அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில், ஒரு காய்ந்த ஓடை. ஓடை முழுக்க ஈச்சமரம். மழைக் காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். அது அவர்களுடைய முதுகுப் பக்கம் என்பதால் அதை யாரும் பார்க்கவில்லை. மேலே பாதைக்கு அப்பால் ஒரு பெரிய ஈச்சமரம் அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் பற்றியது. காற்று ஒருமுறை பலமாக வீசியது. அந்த மரத்தின் தலை சிதறி, நெருப்போடு ஓலைகள் மேலே எழும்பின. ஆட்களின் தலைக்கு மேலாகவே பறந்து வந்தன. சாக்கால் அடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்தே இருந்தார்கள். ஓலைகள் ஓடைக்குள் விழுந்தன.

முதலில் ஓர் இழை புகைதான். மைனி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்து ஓடைக்குள் இரண்டு மூன்று இடத்தில் புகை. பிறகு அது நீளவாக்கில் ஓட ஆரம்பித்தது. முன்னால் ஒரு தீ, முதுகில் ஒரு தீ, நடுவில் ஆட்கள். அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

கத்தினோம். தொண்டை கிழியக் கத்தினோம். கீழே நின்றவர்கள்தான் என்ன என்ன என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். அவ்வளவு தூரம் குரல் போகாது. நான் கையை ஆட்டினேன். அங்கேயிருந்து நிமிர்ந்த ஒருவர் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெபம்கூட வாயில் வரவில்லை.

மைனி அன்று சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். செருகலைப் பிடுங்கினாள். மடிப்பை உருவினாள். கம்பியைப் பிடிக்காமல் அந்தக் குறுகின தளத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முழுச் சேலையையும் கழற்றிவிட்டாள். ரவிக்கையும் பாவாடையுமாக, காலனி முழுக்கப் பார்க்க, அங்கே நின்றாள். "பிடி, அந்த முனையைப் பிடி" என்று என் கையில் ஒரு முனையைத் திணித்தாள். நான் பிடித்தேன். இரண்டு பேரும் விரித்துப் பிடித்துத் தூக்கித் தூக்கி ஆட்டினோம். காற்றில் சேலை கப்பற்பாய் மாதிரி விறைத்து எங்களையே இழுத்தது.

ரயில்வேக்காரனுக்குச் சிவப்பு என்றால் ஆபத்து, வேறு எந்த அர்த்தமும் இல்லை. முதலில் ஒருவர் நிமிர்ந்தார். அவர் பக்கத்து ஆளைத் தட்டினார். பிறகு எல்லோரும் திரும்பினார்கள், ஓடையைப் பார்த்தார்கள். சாக்குகளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். கீழே வர வழியில்லை. பக்கவாட்டில் புல்லே இல்லாத ஒரு பெரிய மொட்டைப் பாறை இருந்தது. அதை நோக்கி ஓடினார்கள். ஜங்கிள் ஆட்களும் கோடாலியோடு ஓடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கையைக் கொடுத்து இழுத்து, பாறைமேல் போய்ச் சேர்ந்தார்கள்.

அண்ணனும் ஓடினான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பாறை அடிவரைக்கும் வந்துவிட்டான். அங்கே நின்று, எங்கள் பக்கம் பார்த்துக் கையை நேராக மேலே தூக்கிக் காட்டினான். சிக்னல் கிடைத்தது என்று காட்டுவது அப்படித்தான். அதன்பிறகு தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்தான். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பி வந்த வழியே ஓடினான்.

"கைக்கு? கைக்கு அங்க போறாரு?" என்றாள் மைனி.

மறுபடியும் அதையே கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. புகை வந்து மூடியது. மலை, பாறை, ஆட்கள் எதுவும் இல்லை. சேலையை நாங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவள் எப்படி இறங்கினாள், எப்போது சேலையைச் சுற்றிக்கொண்டாள் என்று எனக்கு நினைவில்லை. நான் இறங்கியபோது அவள் வேலியைத் தாண்டி லைனில் ஓடிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கடியில் எதிர்வரிசை அம்மாள் ஒருத்தி, "இப்படியா மானத்த வாங்குவா ஒரு பொம்பள" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தம்மாளின் வீட்டுக்காரரும் பாறைமேல்தான் இருந்தார்.

அண்ணனை ஒரு தகரத்தில் வைத்துத் தூக்கிவந்தார்கள். முதலில் என்னைப் பக்கத்தில் விடவில்லை. விட்டபோது நான் பார்த்தது அவனுடைய கால்களை. அவைதான் அடையாளம் தெரியும்படி இருந்தன. இன்ஜின் டிரைவர் தண்ணீர் வண்டிகளைக் கழற்றிவிட்டு, ஒரு பிரேக் வண்டியை மட்டும் மாட்டி அவனைச் செகந்திராபாத்துக்குக் கொண்டுபோனார். மைனி அந்த வண்டிக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தகரம் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எனக்கு இடமில்லை. நான் லைனோரமாக நடந்து போனேன். கொஞ்சதூரம் போனபிறகு யாரோ டோங்காவில் ஏற்றிக்கொண்டார்கள்.

மலைத்தீயை மறுநாள் அணைத்தார்கள். சோல்ஜர்களும் ஜங்கிள் ஆட்களும் சேர்ந்து, தீ வருவதற்கு முன்பே அடிவாரப் புல்லுக்குத் தாங்களே நெருப்பு வைத்து எரித்துவிட்டார்கள். மேலேயிருந்து வந்த தீ தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலனிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி கட்டினவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கிறவர்களின் குடிசைகள் இருந்தன. அவை முதல்நாளே எரிந்துபோயின. அங்கே யார் இருந்தார்கள், யார் இல்லாமல்போனார்கள் என்று எங்கள் காலனியில் ஒருவரும் விசாரிக்கவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்பதும் தெரியாது. அவர்கள் பாறையைப் பிளக்க மூட்டிய நெருப்பு என்றார்கள் சிலர், இன்ஜின் கரி என்றார்கள், பீடி என்றார்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். மஞ்சள் மருந்தில் நனைத்த துணியால் உடம்பைச் சுற்றியிருந்தார்கள். புகையைக் குடித்துத் தொண்டை வெந்துபோயிருந்தது. உதடு அசையும், சத்தம் வராது. கட்டுப் பிரிக்கிற வேளையில் நர்ஸ் எங்களை வெளியே போகச் சொல்வார். நான் போய்விடுவேன். வராந்தாவின் அந்த முனைக்கே போய்விடுவேன். மைனி போகவில்லை. முதல்நாள் நர்ஸ் அதட்டினார். இரண்டாம் நாள் அவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு துணியை நனைத்துப் பிரிப்பது எப்படி, எந்த இடத்தில் இழுக்கக் கூடாது என்றெல்லாம் அவளே கற்றுக்கொண்டாள். அண்ணன் சத்தமில்லாமல் வாயைத் திறந்து அலறுவான். அவள் அவன் முகத்தருகில் குனிந்து, "ஹவ், ஹவ், ஆயிடுச்சி, இந்தா ஆயிடுச்சி" என்பாள். ஒரு பகல்வேளையில், அவள் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் போய்விட்டான். தண்ணீர் உதட்டோரமாக வழிந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஓர் ஆள் எங்கள் வரிசை முனையில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காக்கி உடுப்பு, நரைத்த தாடி, இரண்டு கையிலும் கட்டு, கக்கத்தில் ஒரு கம்பு. கிட்டே வரவுமில்லை, போகவுமில்லை. மைனி வாசலுக்குப் போய் உருதுவில் யார் வேண்டும் என்று கேட்டாள். அவர் நொண்டிக்கொண்டே வந்து, வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்று பேச ஆரம்பித்தார். எனக்கு உருது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். மைனி அவர் சொல்லச் சொல்ல என்னிடம் தமிழில் சொன்னாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஜங்கிள் சர்க்கார் ஆளாம். இவரத்தான் ஒங்க அண்ணன் தூக்கப் போனது."

அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"ரெண்டு கல்லுக்கு நடுவுல காலு போயி மாட்டிக்கிச்சாம். எல்லாரும் ஓடறது தெரிஞ்சுதாம். கூப்ட்டாராம். யாருக்கும் கேக்கல. கண்ணு மூடி, சாகற நேரத்துல சொல்ற கலிமா சொல்ல ஆரம்பிச்சிட்டாராம். அப்ப ஒரு ஆளு வந்துச்சாம். மூஞ்சி தெரியல. முன்ன பின்ன பாத்ததில்ல. கால இழுத்துச்சாம், வரல. செருப்ப அறுத்துட்டு இழுத்துச்சாம். முதுகுல போட்டுக்கிச்சாம்."

மைனி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவர் நிறுத்தினார். அவள், சொல்லுங்கள் என்று தலையை அசைத்தாள்.

"கல்லுகிட்ட வந்ததும் இவரக் கீழ நின்னு மேல தள்ளி ஏத்திட்டாராம். இவரு மேல போயி, திரும்பிப் படுத்துக்கிட்டு, கைய நீட்டினாராம். கை கெடச்சுதாம்."

அதன்பிறகு அவர் சொன்னதை அவள் சொல்லவில்லை. அவர் தன்னுடைய கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிக் காட்டி, அழுதுகொண்டே எதையோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றேன்.

"அவ்ளோதான்" என்றாள்.

பிடித்த கை நிற்கவில்லை, தோல்தான் தன் கையோடு வந்தது என்று அவர் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து.

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு மைனியிடம் ஏதோ கேட்டார். மைனிக்கு அது புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"எந்திரில" என்றார். "எந்திரில, எந்திரில." அப்படியே, எங்கள் ஊர் ராகத்தோடு. அந்த ஆள் தன்னிடம் திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார், அது என்ன, துவாவா, ஏதாவது ஜெபமா, அல்லது யாருடைய பேரா என்று கேட்டார். இத்தனை நாளாக அதை மறந்துவிடாமல் சொல்லிச் சொல்லி வைத்திருந்திருக்கிறார்.

மைனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத சொல் இல்லை அது. சொல்ல அவளால் முடியவில்லை.

எழுந்திரு என்றுதான் சொன்னான் என்பதை எனக்குத் தெரிந்த உருதுவில் நான் சொன்னேன். "உட்டோ. உட்டோ, போலே."

"உட்டோ" என்றார் அவர். தலையை ஆட்டிக்கொண்டார்.

வயதில் மூத்த ஒருவரை அண்ணன் ஒருநாளும் 'ல' போட்டுக் கூப்பிட மாட்டான். புகையில் ஆள் தெரிந்திருக்காது. யாரோ தன் வயசுச் சோட்டுப் பையன் என்று நினைத்திருப்பான்.

மைனி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரால் பிடிக்க முடியாது என்பதைப் பார்த்துவிட்டு, படி இறங்கிப் போய் அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அதை எதிர்வரிசை முழுக்கப் பார்த்தது. பிறகு அவருடைய கைக்கட்டைப் பார்த்து, "யாரு கட்டினது இத?" என்று தமிழிலேயே கோபமாகக் கேட்டாள். அவரை உட்காரவைத்து, கட்டை நனைத்துப் பிரித்து, சுத்தமான துணி கிழித்து மறுபடி கட்டிவிட்டாள். நான் இந்த முறை போகவில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதன்பிறகு இரண்டு மூன்று தடவை கட்டு மாற்ற வந்தார். பிறகு வரவில்லை. எந்தக் காட்டுக்கு மாற்றினார்களோ.

வேலை செய்கிற ஆள் இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ் கிடையாது. காலி செய்யச் சொன்னபோது மைனியின் தம்பி வந்து அவளைக் கூப்பிட்டான். என்னை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு.

"அவளும் வருவா" என்றாள் மைனி.

"அக்கா, எடம் எங்க இருக்கு?"

"நக்கோ அப்படின்னா ரெண்டு பேருக்கும் நக்கோ."

என்னிடம் கேட்கக்கூட இல்லை. எனக்கும் அவளிடம் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. மல்காஜ்கிரிக்கும் செகந்திராபாத்துக்கும் நடுவில் ஓர் அறை பார்த்து இரண்டு பேரும் குடிபோனோம். நான் அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு லைனோரமாகவே நடந்து போய் வந்தேன். மலை ஒரு மழைக்காலம்வரை கருப்பாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். அவள் அண்ணன் கிடந்த அதே ஆஸ்பத்திரியில், அதே நர்ஸம்மாளிடம் போய் வேலை கேட்டாள். ஆயாவாக எடுத்துக்கொண்டார்கள். வெந்து வருகிறவர்களின் கட்டு மாற்ற யாரும் முன்வராதபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். அடுப்பில் சேலை பிடித்த பெண்கள், எண்ணெய் கொட்டிய பிள்ளைகள், ஷெட்டில் ஆவி அடித்த ஆட்கள். எத்தனையோ வருஷம் அதைச் செய்தாள். ஒருதடவை, எப்படி உன்னால் முடிகிறது என்று கேட்டுவிட்டேன். "கை பாட்டுக்குப் பண்ணுது" என்றாள்.

சாயங்காலம் அவள் வரும்போது நான் பின்கட்டில் வெந்நீர் வைத்திருப்பேன். குளித்துவிட்டு வந்து உட்காருவாள். எங்களுக்குள் அதன்பிறகும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. சோறு குழைந்துவிட்டது என்பாள், உப்புப் போதவில்லை என்பாள். நான் பதில் சொல்லுவேன். நடுவில் உட்கார்ந்து சிரிக்க ஆள் இல்லாததால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.